நிபுணர் துணையா, நிபுணர் ஆட்சியா?

சில ஆண்டுகளாக நம்மவர் கூடிப் பேசும் இடங்களிலெல்லாம் ஒரு வார்த்தை அடிக்கடி நமது செவியில் விழுகின்றது. “தேர்தலாவது, மேடைப் பேச்சாவது! எஞ்ஜினியரிடம் பாலத்தையும், வைத்தியரிடம் ஆஸ்பத்திரியையும், பொருளாதாரம் கற்றவரிடம் கஜானாவையும் ஒப்புவித்து விட்டால் நாடு தானே நடக்குமே!” என்பதே அவ்வார்த்தை. இதனைச் சொல்வோர் வீண் பேச்சுக்காரர் அல்லர். அரசியல்வாதிகளின் வாய்ப்பந்தலைக் கண்டு சலித்த நல்லவர்களே பெரும்பாலும் இவ்வாறு சொல்கின்றனர். நமது உறவுப் பிள்ளை ஒருவர், எஞ்ஜினியராகத் தேறி உத்தியோகத்தில் அமர்ந்திருப்பவர், ஒரு பொங்கல் விருந்தின்போது இதனையே கேள்வியாக்கி நம்மிடம் கேட்டார்: “மாமா, விமானம் ஓட்டுபவரைப் பயணிகள் ஓட்டுப் போட்டா தேர்ந்தெடுக்கின்றார்கள்?”

கேள்வி கூரியது. விமானியைப் பயணிகள் ஓட்டுப் போட்டு அமர்த்துவதில்லை என்பது மெய். ஆயினும் விமானம் சென்னைக்குப் போவதா, பினாங்குக்குப் போவதா என்பதை விமானி தீர்மானிப்பதில்லை. சீட்டு வாங்கியவர்கள் தீர்மானிக்கின்றனர். போகும் ஊரைத் தேர்வது ஒரு வேலை. அவ்வூரில் பழுதின்றிக் கொண்டு சேர்ப்பது மற்றொரு வேலை. முன்னது பயணிகளுடையது, பின்னது விமானியுடையது. இவ்வளவையும் அன்றே அப்பிள்ளைக்குச் சொன்னோம். ஆனால் அரசாங்க விஷயத்தில் இவ்விரு வேலைகளுக்கும் இடையே உள்ள கோடு விமானச் சீட்டில் அச்சிட்டிருப்பதுபோல் அத்தனை தெளிவாக இருப்பதில்லை. அக்கோடு எங்கே ஓடுகின்றது, அதை யார் அழிக்கின்றனர், அழித்தால் யாருக்கு நஷ்டம் என்பவற்றைச் சற்று விரிவாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம். நிபுணர் ஆட்சியை மேனாட்டார் ‘டெக்னாக்ரசி’ என்பர். ‘டெக்னே’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் தொழில் திறன் என்றும், ‘கிராட்டோஸ்’ என்பதற்கு வலிமை அல்லது ஆளுகை என்றும் பொருள். வேர்கள் பழமையானவையே, ஆனால் சொல் புதியது. 1919-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி ஸ்மைத் என்னும் எஞ்ஜினியர் இதனைத் தமது கட்டுரைகளில் எடுத்தாண்டார். அவர் அதற்குச் சொன்ன பொருள் நோக்கத்தக்கது: ஆள்பவர்கள் ஜனங்களே, விஞ்ஞானிகளும் எஞ்ஜினியர்களும் அவர்களுடைய ஊழியர்கள், அவ்வூழியர்களின் திறமையால் ஜனங்களின் ஆட்சி பயனுடையதாகின்றது என்பதே அப்பொருள். ஆகவே, பிறந்த அன்று அச்சொல்லில் நிபுணர் எஜமானராக இருக்கவில்லை, பணியாளராகவே இருந்தார். பின்னர் வந்தவர்களே பணியாளரைச் சிம்மாசனத்தில் ஏற்றினர்.

அவ்வாறு ஏற்றியவர்களுள் முதன்மையானவர் ஹோவர்ட் ஸ்காட் என்பவர். 1932-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. அடுத்த ஆண்டில் உழைக்கக் கூடியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. தானியம் விளைந்திருந்தும் பட்டினி இருந்தது. இயந்திரம் இருந்தும் உற்பத்தி இல்லை. அந்நிலையில் ஸ்காட்டும் அவர்தம் தோழர்களும் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமர்ந்து கணக்குப் போட்டனர். குற்றமெல்லாம் விலைவாசி முறையின் மேலது. பணத்தை ஒழித்து, ஒவ்வொரு பொருளையும் அதனைச் செய்யச் செலவாகும் சக்தியைக் கொண்டே அளந்து, ஜனங்களுக்குச் சக்திச் சீட்டுகள் வழங்கினால் வாரத்திற்கு 16 மணி நேர வேலை போதும் என்று அவர்கள் முழங்கினர். பத்திரிகைகளெல்லாம் சில வாரங்கள் வேறு பேச்சின்றி இதனையே பேசின. 1933-ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்காட் வானொலியில் ஆற்றிய பிரசங்கம் எடுபடவில்லை. அவருடைய பட்டங்களைக் குறித்தும் ஐயங்கள் எழுந்தன. கொலம்பியாக் குழு கலைந்தது. ஸ்காட் ஸ்தாபித்த ‘டெக்னாக்ரசி’ சங்கம் சாம்பல் நிற உடை தரித்து வெகு காலம் நடமாடியது. கனடா சர்க்கார் 1940-இல் அச்சங்கத்தைத் தடை செய்து, 1943-இல் தடையை நீக்கியது.

அந்த இயக்கம் பொய் சொல்லிற்று என்று நாம் கூறோம். விளைச்சல் இருந்தும் பசி இருப்பது அறிவுக்கு ஒவ்வாதது என்று அவர்கள் கண்டது முற்றிலும் உண்மை. ஆனால் அவர்களுடைய திட்டத்தில் ஓட்டுக்கு இடமில்லை, கட்சிக்கு இடமில்லை, “எனக்கு இது வேண்டாம்” என்று சொல்லும் மனிதனுக்கும் இடமில்லை. எல்லாவற்றையும் அளக்கத் தெரிந்தவர்கள், மனிதன் மறுப்பதை மட்டும் அளக்க ஓர் கருவி செய்யாமற் போயினர். அமெரிக்க ஜனங்களோ அதே 1933-ஆம் ஆண்டு மார்ச்சில் பதவியேற்ற ரூஸ்வெல்ட்டின் பின்னே சென்றனர். அவர் நிபுணர்கள் பலரைத் தம் அருகே வைத்துக்கொண்டார். ஆயினும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜனங்களிடம் சென்று நின்றார்.

இனி, நிபுணர்களால் விளையும் நன்மையை நம் நாட்டு உதாரணத்தைக் கொண்டே கூறுவோம். கூறாவிடின் நாம் நன்றி கொன்றவர் ஆவோம். நமது பாட்டனார் கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். அவர் கதை சொல்லும்போது புலியைப் பற்றிச் சொன்னதைவிடக் காய்ச்சலைப் பற்றிச் சொன்னதே அதிகம். அதற்குக் காரணம் உண்டு. ரோனால்ட் ராஸ் என்பவர் 1897-இல் செகந்தராபாத்தில், மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1901-இல், மால்கம் வாட்சன் என்னும் இளம் வைத்தியர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். அவ்வாண்டு கிள்ளானிலும், புதிதாகத் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காய்ச்சலால் மாண்டவர் 368 பேர். வாட்சன் புதர்களை வெட்டுவித்தார். சதுப்பு நிலத்தில் வடிகால்கள் தோண்டுவித்தார். மறு ஆண்டில் மாண்டவர் 59 பேர். எந்த ஓட்டுப் பெட்டியும் இவ்வேலையைச் செய்திருக்க முடியாது. கொசு எங்கே முட்டையிடுகின்றது என்பது பெரும்பான்மை ஓட்டால் தீரும் விஷயமன்று.

கதை அத்துடன் முடியவில்லை. முடியாத பகுதியிலேதான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கின்றது. கடலோரச் சமவெளியில் காட்டு நிழலில் வளரும் கொசுவே நோய் பரப்பியது. ஆதலின் காட்டை வெட்டி நீரை வடித்ததும் அது ஒழிந்தது. இதே வைத்தியத்தை உள்நாட்டு மலைத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் பெருகிற்று! காரணம் யாதெனில், அங்கே நோய் பரப்பிய ‘மாக்குலேட்டஸ்’ என்னும் கொசு வெயில் படும் தெளிந்த ஓடைகளிலே வளர்வது. நிழலை நீக்கி ஓடைகளைத் துப்புரவு செய்தமை, அதற்கு வீடு கட்டிக் கொடுத்தது போலாயிற்று. வாட்சன் ஒவ்வொரு தோட்டமாகச் சென்று, ஓடைகளில் புழுக்களை எடுத்து ஆராய்ந்து, இன்ன நிலத்துக்கு இன்ன முறை என்று கண்டார். மலைப் பள்ளங்களில் நிலத்தடிக் குழாய்களைப் புதைத்து ஓடையை மறைத்தனர். பின்னர் நீரின் மேல் எண்ணெய் தெளித்தனர். உண்மையான நிபுணரின் இலக்கணம் இதுவே: முன் சொன்னதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு நிற்காமல், மண்ணையும் நீரையும் திரும்பத் திரும்பக் கேட்பது. நமது குடும்பம் இன்று உயிரோடு இருப்பதற்கு அந்தக் குழாய்களும் ஒரு காரணம் என்றே நாம் எண்ணுகின்றோம்.

ஆனால் அதே தோட்டங்களில் மற்றொரு கணக்கும் போடப்பட்டது. 1920-களில் மலாயாவில் இந்தியத் தொழிலாளருக்கு ‘ஸ்டாண்டர்ட்’ கூலி என ஒன்றை நிர்ணயிக்கத் தொடங்கினர். அதற்கு ஒரு வரவு செலவுப் பட்டி தயாரித்தனர். ஒரு தொழிலாளிக்கு மாதம் ஒன்றுக்கு அரிசி எவ்வளவு, மற்ற உணவுப் பொருள்கள் எவ்வளவு, துணி எவ்வளவு என்று எழுதி, அவற்றின் விலையைக் கூட்டி, அதன்மேல் கூலியைக் கட்டினர். ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது அக்கூலி. 1930-இல் ரப்பர் விலை வீழ்ந்ததும் ஆணுக்கு 40, பெண்ணுக்கு 32 என்று குறைத்தனர். வாசகர்களே, இவ்வெண்களைச் சற்று ஊன்றிப் பாருங்கள். இரண்டு தடவையும் பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்கு! பெண்ணின் வயிறு ஆணின் வயிற்றில் ஐந்தில் நான்கு பங்கு என்று எந்த உடற்கூறு நூல் சொல்லிற்று? ரப்பர் விலை வீழ்ந்தால் மனிதனின் பசியும் வீழும் என்று எந்தத் தராசு காட்டிற்று?

வாட்சன் கொசுவை எண்ணினார், அது விஞ்ஞானம். கூலிப் பட்டி எழுதியவர்களும் எண்ணினார்கள். ஆனால் எண்ணத் தொடங்குமுன்பே ஒரு முடிவைச் செய்து கொண்டார்கள். “ஒரு மனிதன் நன்றாக வாழ எவ்வளவு வேண்டும்?” என்பது அவர்கள் முன்பிருந்த கேள்வியன்று, “ஒரு தொழிலாளி வேலைக்கு வந்துகொண்டிருக்க எவ்வளவு போதும்?” என்பதே கேள்வி. கேள்வியைத் தேர்ந்தெடுத்தது கணிதம் அன்று, அதிகாரம். அம்முடிவைச் செய்த இடத்தில் அதிகாரிகள் இருந்தனர். தோட்டக்காரர்களின் பிரதிநிதிகள் இருந்தனர். தொழிலாளரின் ஓட்டைப் பெற்று வந்தவர் ஒருவரும் இல்லை. கூட்டல் கழித்தலில் பிழை இல்லாமலே ஒரு கணக்கு அநீதியாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குத் தேவையில்லை.

இனி, இத்தகைய கணக்கு ஒரு பெரிய தேசத்தின் மேலேயே போடப்பட்டால் என்ன நேரும் என்பதைப் பார்ப்போம். சீனாவில் சோங் ஜியான் என்பவர் ஏவுகணைகளை நெறிப்படுத்தும் கலையில் தேர்ந்த விஞ்ஞானி. 1978-இல் அவர் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகரில் நடந்த மாநாடொன்றுக்குச் சென்றபோது, ஜனத்தொகைப் பெருக்கத்தையும் இயந்திரத்தைப் போலக் கணித வழியில் நெறிப்படுத்தலாம் என்னும் ஐரோப்பியரின் ஆராய்ச்சியை அறிந்தார். நாடு திரும்பிக் கணிப்பொறிகளைக் கொண்டு கணக்கிட்டார். நூறு ஆண்டுகளுக்குப் பின் சீனாவுக்கு ஏற்ற ஜனத்தொகை 65 கோடி முதல் 70 கோடி வரை என்றும், அதற்குக் குடும்பத்திற்கு ஒரே குழந்தை என்னும் விதி வேண்டும் என்றும் அவரும் அவர் குழுவினரும் எடுத்துரைத்தனர். கலாசாரப் புரட்சியில் கல்விமான்கள் சீரழிந்திருந்த காலம் அது. ஏவுகணை விஞ்ஞானிகளிடம் மட்டுமே கணிப்பொறியும் இருந்தது, மதிப்பும் இருந்தது. தலைவர்கள் அந்த எண்களில் தங்கள் எண்ணத்துக்கு உறுதி கண்டனர். 1980 செப்டம்பரில் ஒரே குழந்தைக்கான பகிரங்க வேண்டுகோள் வெளிவந்தது.

இதில் வியக்கத்தக்கது யாதெனில், அவ்விதி வருமுன்பே சீனாவில் பிறப்புக் குறைந்து கொண்டிருந்தது. 1970-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஏறக்குறைய ஆறு குழந்தைகள். பத்தாண்டு முடிவதற்குள் மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது. காலந்தாழ்த்திய மணமும், பிள்ளைகளுக்கிடையே இடைவெளியும் அதனைச் செய்தன. ஷான்சி மாகாணத்தைச் சேர்ந்த லியாங் ஷோங்டாங் என்னும் ஆசிரியர் இதனைச் சுட்டிக்காட்டி, ஒரே பிள்ளை விதி கிராமத்தாரை வாட்டும் என்றும், இரண்டு பிள்ளைகளை இடைவெளி விட்டுப் பெறச் செய்தாலே போதும் என்றும் வாதாடினார். அவருடைய முறையைச் சோதிக்க யிச்செங் என்னும் ஒரு வட்டத்தில் மட்டும் 1985-இல் அனுமதி கிடைத்தது. அங்கே ஜனங்கள் இரண்டு பிள்ளைகள் பெற உரிமையோடிருந்தும், ஜனத்தொகை தேசத்தின் சராசரியைவிட மெதுவாகவே வளர்ந்தது. வயலுக்குச் சென்று வயோதிகரைக் கண்டவரின் கணக்கு பலித்தது. ஏவுகணைக்கூடத்தில் பிறந்த கணக்கோ நாட்டை ஆண்டது.

அதன் விளைவை விரித்துரைக்க நமக்கு மனம் வரவில்லை. 1983 என்னும் ஒரே ஆண்டில் இரண்டு கோடிப் பேருக்கு மேல் கருத்தடைச் சிகிச்சை செய்யப்பட்டது, பெரும்பாலோர் பெண்கள். ஆண் பிள்ளையை விரும்பிய வீடுகளில் பெண் சிசுக்கள் பிறவாமலே மறைந்தன. 2004-இல் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 121 ஆண் குழந்தைகள் பிறந்தன. விதி 2016-இல் நீங்கியது. 2021-இல் மூன்று பிள்ளைகள் வரை அனுமதி தரப்பட்டது. 2022-இல் அந்நாட்டின் ஜனத்தொகை குறையவே தொடங்கிற்று. இப்போது பிள்ளை பெறுங்கள் என்று சர்க்காரே வேண்டுகின்றது. ஏவுகணைக்கு மனமில்லை, அதனைத் திருப்பிய திசையில் அது போகும். தாய்க்கோ மனமுண்டு என்பதை அச்சூத்திரம் அறியவில்லை. அறிவித்திருக்கக் கூடியவர்கள் கிராமத்துப் பெண்கள், அவர்களைக் கேட்பாரில்லை.

இதே தன்மையான ஒரு நிகழ்ச்சி நம் சிங்கப்பூரிலும் சிறிய அளவில் நடந்தது. இச்சிறு தீவு நிபுணர்களால் அடைந்த நலம் பெரிது. 1960-இல் ஐக்கிய நாட்டு சபையின் குழுவோடு வந்த டச்சுப் பொருளாதார நிபுணர் ஆல்பர்ட் வின்செமியஸ் 1984 வரை ஆலோசகராக இருந்தார். பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற கோ கெங் சுவீ அந்த ஆலோசனைகளைக் காரியமாக்கினார். ஜூரோங் சதுப்பு தொழிற்பேட்டையாயிற்று; ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர். இவற்றை மறுப்பவர் கண்ணிருந்தும் காணாதவர். ஆயினும், வின்செமியஸ் முதன்முதல் சொன்ன யோசனைகள் எவை என்று நினைவுகூர்தல் நலம்: கம்யூனிஸ்டுகளை ஒழிக்க வேண்டும், ராபிள்ஸின் சிலையை அகற்றலாகாது. இவை சரியா தவறா என்பது இங்கே கேள்வியன்று. தொழில் நுணுக்கம் சொல்ல வந்தவரின் முதற் பேச்சே அரசியலாயிருந்தது என்பதே நாம் சுட்டுவது. நிபுணர் அரசியலுக்கு அப்பாற்பட்டவர் என்று சொல்வோர் இதனை மனத்தில் வைப்பாராக.

1983-இல் பிரதமர் லீ குவான் யூ, கற்ற மகளிர் குறைவாகவும் கல்லாத மகளிர் அதிகமாகவும் பிள்ளை பெறுகின்றனர் என்று புள்ளிவிவரங்களைக் காட்டிப் பேசினார். அதனைத் தொடர்ந்து 1984-இல் இரு திட்டங்கள் வந்தன. பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் முன்னிடம் என்பது ஒன்று. கல்வியும் வருமானமும் குறைந்த, 30 வயதுக்கு உட்பட்ட தாய்மார் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு கருத்தடை செய்து கொண்டால் 10,000 வெள்ளி என்பது மற்றொன்று. அறிவு முழுவதும் பிறப்பிலே வருவதென்றும், ஏழைத் தாயின் வயிற்றில் அது வாராதென்றும் கொள்ளும் இக்கொள்கை நமக்குப் புதியதா? பிறப்பினால் உயர்வு தாழ்வு என்னும் பழைய சரக்கல்லவா இது! பஞ்சாங்கத்துக்குப் பதிலாகப் புள்ளிவிவரத்தைக் கையிலேந்தி வந்தமையால் அது புதுச் சரக்காகி விடுமா?

ஆனால் இங்கே ஒரு வேறுபாடு இருந்தது. அதுவே நமது வாதத்தின் உயிர்நிலை. அவ்வாண்டு டிசம்பரில் பொதுத் தேர்தல் வந்தது. ஆளுங்கட்சிக்கு 1980-இல் 77.7 சதவீதமாயிருந்த ஓட்டு 64.8 சதவீதமாக வீழ்ந்தது. சேமநிதியை எடுக்கும் வயதை உயர்த்தலாம் என்ற யோசனை முதலிய வேறு காரணங்களும் இருந்தன என்பதை ஒப்புக்கொள்கின்றோம். எனினும் பட்டதாரித் தாய்மார் விஷயத்தில் பட்டதாரிப் பெண்களே வெட்கி எதிர்த்தனர். 1985-இல் பள்ளிக்கூட முன்னுரிமை கைவிடப்பட்டது. சீனாவில் முப்பத்தைந்து ஆண்டு நீடித்த பிழை போன்றதொன்று இங்கே மறு ஆண்டிலேயே திருத்தப்பட்டது. நிபுணர்கள் இரண்டு இடங்களிலும் இருந்தனர்; கணிப்பொறிகளும் இருந்தன. ஓட்டுச் சீட்டு ஓரிடத்திலேதான் இருந்தது. ஓட்டுச் சீட்டும் ஒருவகை அளவுகோலே என்று நாம் துணிந்து கூறுகின்றோம். “வலிக்கின்றது” என்பதை அளக்க அதைவிட மலிவான கருவியை எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

இவ்வளவும் சொன்னதனால், படித்தவனைப் பழிப்பதே முற்போக்கு என்று எவரும் கொள்ளற்க. நிபுணரை வாய் திறக்க விடாத ஆட்சி, நிபுணரே ஆளும் ஆட்சியினும் கொடியது. ருஷ்யாவில் பீட்டர் பல்சின்ஸ்கி என்னும் சுரங்க எஞ்ஜினியர் இருந்தார். வாலிபத்தில் டோன் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களை ஆராய அனுப்பப்பட்டபோது, கரியின் கணக்கோடு நில்லாமல், தொழிலாளர் படுக்கும் இடத்தையும் வாழும் நிலைமையையும் எழுதி அனுப்பியவர் அவர். புரட்சிக்குப் பின்னரும், பெரிதாயிருப்பதனாலேயே ஒரு திட்டம் சிறந்ததாகி விடாது என்று சோவியத் சர்க்காருக்கு எடுத்துச் சொன்னார். 1928-இல் அவரைக் கைது செய்தனர். 1929-இல் சுட்டுக் கொன்றனர். ‘தொழிலாளர் ஆட்சி’ என்று பெயர் சூடிய ஆட்சி, தொழிலாளரின் படுக்கையைப் பார்த்து எழுதிய எஞ்ஜினியரைக் கொன்றது! மெய் சொல்பவனைக் கொன்ற நாட்டில் அணைகளும் ஆலைகளும் பொய்க் கணக்கின் மேலே எழும்புமன்றோ?

ஐரோப்பாவிலும் அண்மைக் காலத்தில் இச்சோதனை நடந்தது. 2011-இல் கடன் தொல்லை முற்றிய வேளையில் கிரேக்கத்தில் பப்படேமோஸ், இத்தாலியில் மாரியோ மோன்டி என்னும் பொருளாதார நிபுணர்கள் தேர்தலில் நில்லாமலே பிரதமராயினர். வீடு எரியும்போது தீயணைப்போரைத்தான் அழைக்க வேண்டும். ஆனால் நெருப்பணைந்த பின் எந்த அறையில் யார் படுப்பது என்பதையும் அவர்களே தீர்மானிப்பாரானால் வீட்டார் பொறுப்பாரோ? 2013-இல் மோன்டி ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டு நின்றபோது அவர் அணிக்குக் கிட்டியது பத்தில் ஒரு பங்கே.

பெரிய தேசங்களின் கதை போதும். நாம் குடியிருக்கும் பேட்டையில் நடந்த சிறிய விஷயம் ஒன்றையும் சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அடுக்குமாடி அருகே இருந்த பேருந்து நிறுத்தத்தை எடுத்து, நெடுஞ்சாலைப் பக்கம் தொலைவில் வைத்தார்கள். பழைய நிறுத்தத்தில் ஏறுவோர் சிலரே என்று பேட்டைக் கூட்டத்தில் அதிகாரி ஒருவர் வர்ணப் படம் காட்டி விளக்கினார். எண்கள் சரியானவை, எவரும் மறுக்க முடியவில்லை. அப்போது பின் வரிசையிலிருந்து, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை பார்க்கும் அம்மையார் ஒருவர் எழுந்து, “ஐயா, எத்தனை மணிக்கு எண்ணினீர்கள்?” என்று தமிழிலே கேட்டார். அருகிலிருந்தவர் மொழிபெயர்த்தார். காலை ஏழு முதல் ஒன்பது வரை என்று விடை வந்தது. “நாங்கள் ஐந்தரைக்கே போய்விடுவோமே! ஏழு மணிக்கு எங்களை எங்கே காண்பீர்கள்?” என்றார் அம்மையார். கூட்டம் சிரித்தது; அதிகாரி சிரிக்கவில்லை; எழுதிக்கொண்டார். அவர் நல்ல நிபுணர். ஆறு மாதம் கழித்துப் பழைய இடத்தில் மறுபடி ஒரு கம்பம் நட்டார்கள். கூரை மட்டும் வரவில்லை. அதற்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றோம்.

அவ்வம்மையாரிடம் பட்டம் இல்லை. ஆனால் அன்று அக்கூட்டத்தில் வேறொருவருக்கும் இல்லாத ஓர் அறிவு அவரிடம் இருந்தது. தம் வாழ்க்கையைப் பற்றி ஒவ்வொருவரும் நிபுணரே. ஓட்டுரிமையின் நியாயம் இதுவே. ஏழையின் ஓட்டை ஏழைக்குச் செய்யும் தருமமென எண்ணுவோர், அந்த ஓட்டின்றித் தங்கள் கணக்கே குறைப்படும் என்பதை உணர்வதில்லை.

திருக்குறளிலே ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று ஓர் அதிகாரம் இருப்பதை நாம் அறிவோம். அதன் தலைப்பே நாம் வேண்டும் பொருளைத் தருகின்றது. அறிவுடையோரைத் துணையாகக் கொள்க. துணையின்றி நடப்பவன் கெடுவான். துணையாக வந்தவரிடம் கோலைக் கொடுத்துவிட்டு உறங்கப் போவது துணைக்கோடல் ஆகாது.

ஆதலின் நிபுணர் ஒருவர் திட்டத்தோடு வரும்போது நாம் மூன்று கேள்விகள் கேட்போமாக. முதலாவது: இது எப்படி என்னும் கேள்விக்கு விடையா, அல்லது எதற்காக என்னும் கேள்விக்கு விடையா? எப்படி என்பதானால் அவர் சொல்லுக்குச் செவி கொடுப்போம். எதற்காக என்பதானால் அவருக்கும் நம்மைப் போல ஓர் ஓட்டே உண்டு. இரண்டாவது: எண்ணப்பட்டவர் யார், எண்ணப்படாதவர் யார்? ஐந்தரை மணிப் பேருந்துக்காரர் எங்கே? மூன்றாவது: இது பிழையென்று கண்டால் திருத்துவது எவ்வாறு, யார் சொன்னால் திருத்துவார்கள்? மூன்றாவது கேள்விக்கு விடையில்லாத திட்டம் எத்தனை நேர்த்தியான கணக்கோடு வந்தாலும் அதனை ஐயுறுதல் கடன்.

நம் பிள்ளைகள் எஞ்ஜினியர்களாகவும் வைத்தியர்களாகவும் ஆக வேண்டுமென்று நாம் பாடுபடுகின்றோம், நன்று. நாளைக்குக் கூலிப் பட்டியும், நிறுத்தப் படமும், அவற்றினும் பெரிய கணக்குகளும் அவர்கள் கையிலே வரும். தோட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு கூலிக்கு உழைத்த பாட்டியின் பேரன் அந்தப் பட்டியை எழுதும் மேஜையில் அமரும்போது, பாட்டியை ஒருவரும் கேட்கவில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனைப் பல்கலைக்கழகம் கற்பிக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை; நாமே வீட்டில் கற்பிக்க வேண்டும். பொதுக் கூட்டங்களில் பின் வரிசையில் அமர்ந்திருக்கும் நம் தாய்மாரும் தொழிலாளரும் எழுந்து கேட்கப் பழக வேண்டும். அவர்கள் எழும்போது முன் வரிசையார் சிரியாதிருக்கப் பழக வேண்டும். இவ்விரண்டும் கைகூடுமானால் நிபுணரைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதுமில்லை, வணங்க வேண்டியதுமில்லை. கூட அமர்த்தி வேலை வாங்கலாம்.